பிடுங்கிய இடத்தில் முளைத்த இசாலே

ஐகாருவாவை நான் முதன்முதலாகப் பார்த்தது அவருடைய கையெழுத்து எனக்குத் தேவைப்பட்ட நாளில்.

மோஷி நகரத்தில் என்னோடு வேலை பார்க்கும் நால்வரும் நானும் சேர்ந்து, மேலே மலைச்சரிவில் இருக்கும் மச்சாமேயில் கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு மனை வாங்க முடிவு செய்திருந்தோம். மாணவர்களுக்கு அறைகள் கட்டி வாடகைக்கு விடுவது எண்ணம். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான்தான், அதுவும் நில அளவைப் பட்டம். அதனால் அளப்பது, பத்திரம், ஊர் அலுவலகம் எல்லாம் என் பொறுப்பு. யாரும் என் தலையில் கட்டவில்லை. நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

விற்றவர் சிமோன் மாசாவே. அவருக்கு அடுத்த தோட்டம் ஐகாருவாவுடையது. கணவர் இல்லை. மூன்று மகள்களையும் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தது அந்த அரை ஏக்கர் வாழைதான். செவ்வாயும் வெள்ளியும் தலையில் வாழைத்தாருடன் சந்தைக்கு நடப்பார். மலையிலிருந்து இறங்கும் வாய்க்கால் அவர் தோட்டத்து ஓரமாக ஓடியது. தண்ணீர் முறை வரும் நாளில் மடையைத் திறந்துவிட்டு, மண்வெட்டியோடு நீருக்கு முன்னால் நடந்தபடி, "வா, வா, சோம்பேறி" என்று அதை அழைத்துக்கொண்டு போவார்.

அளந்த அன்று சிமோன் அந்த வாய்க்காலுக்கு அப்பால் போய் நின்று, "இதுதாம்ப்பா எல்லை" என்றார். நான் கருவியை நிறுத்தி அளந்துகொண்டேன்.

எங்கள் மலையில் எல்லை என்றால் இசாலே. வாள்போல் நீண்ட இலைகள் உள்ள செடி. இரண்டு தோட்டங்களுக்கு நடுவே அது வரிசையாக நின்றால் வேறு சாட்சி வேண்டாம். இதே சரிவில் கிபோஷோவில் பிறந்து வளர்ந்தவன் நான். இருந்தும், "இங்கே இசாலே எங்கே?" என்று சிமோனிடம் கேட்கவில்லை. செடியைத் தேடுவது படிக்காதவர்கள் செய்கிற வேலை என்று நினைத்தேன்.

பக்கத்து நிலக்காரர் ஒப்புதல் இல்லாமல் வரைபடம் செல்லாது. தாளை எடுத்துக்கொண்டு ஐகாருவாவிடம் போனேன்.

"எந்தக் கோடு தம்பி இது?"

"அதெல்லாம் சரியா இருக்கும்மா. நீங்க இந்த இடத்துல போடுங்க."

"நீ எந்த ஊரு?"

"கிபோஷோ. பல்கலைக்கழகத்துல படிச்சேன்."

முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம மலைப் புள்ளையா! வெளியூர்க்காரன்னு நெனச்சு பயந்துட்டேன். குடு, குடு." கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாகத் தன் பெயரை எழுதினார். பிறகு அவித்த வாழைக்காய் கொடுத்தார். தின்றேன்.

அடுத்த மாதம் அடித்தளத்துக்குத் தோண்டிய பள்ளம் வாய்க்காலை அறுத்தது. தண்ணீர் நின்றது. அவருடைய வாழை வாடத் தொடங்கியதும் ஊர் மன்றத்தில் முறையிட்டார்.

மன்றத்தில் நான் வரைபடத்தை விரித்துவைத்து, அளவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தேன்.

"இது உங்க கையெழுத்துதானேம்மா?"

"என்னுதுதான். கோட்டப் பாத்துப் போடல தம்பி. உன்னப் பாத்துப் போட்டேன்."

பின்னாலிருந்து ஒருவர், "இனிமே கண்ணாடி போட்டுக்கோ ஐகாருவா" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். இப்போதும் படுத்தால் அந்தச் சிரிப்புதான் முதலில் நினைவுக்கு வருகிறது. மன்றத் தலைவர் உராஸ்ஸா, இரண்டு வாரம் கழித்து இடத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்வதாகச் சொன்னார்.

இடையில் மழை பிடித்துக்கொண்டது. பள்ளத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்கப் போனேன். எங்கள் மனைக்குள், வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நான்கு எட்டுத் தள்ளி, நேர்கோடாகப் பச்சைத் துளிர்கள். குனிந்து மண்ணை விலக்கினேன். தரைமட்டத்துக்குக் கீழே கத்தியால் வெட்டிய இசாலேக் கட்டைகள். பதினொன்று. எங்களுக்கு விற்பதற்கு முன் சிமோன் வெட்டி மண் மூடியிருக்கிறார். வாய்க்கால் முழுவதும் ஐகாருவாவின் நிலத்தில்தான் ஓடியது.

எங்கள் வழக்கத்தில் ஒருவர் இசாலே இலையை நீட்டி மன்னிப்புக் கேட்டால், வாங்குகிறவர் மறுக்கக் கூடாது. ஓர் இலையை ஒடித்தேன். ஆள் நடமாட்டம் இல்லாத பின்பக்கப் பாதையாகப் போய், மாட்டுக்குப் புல் நறுக்கிக்கொண்டிருந்த அவரிடம் நீட்டினேன்.

அவர் இலையைப் பார்த்தார். பிறகு நான் வந்த வழியைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, முன்வாசல் தெரியாதா உனக்கு?"

நான் இலையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினேன்.

"இத நீட்டுனா நான் மாட்டேன்னு சொல்ல முடியாது. அது தெரிஞ்சுதான கொண்டாந்த? சரி, மன்னிச்சாச்சு. ஆனா என்னைப் பாத்து சிரிச்சது மன்றத்துல. நீ இலைய நீட்டுறது மாட்டுக் கொட்டாயில. என் வாழைக்கு இதுல தண்ணி வருமா?"

"அங்க வந்து சொல்லிடறேன்மா."

"சத்தமா சொல்லு. மொத தடவ நல்ல சத்தமாத்தான் பேசுன."

தீர்ப்பு நாளில் தலைவர் வாய் திறக்கும் முன்பே நான் எழுந்தேன். வரைபடம் தவறு, இசாலே எங்கே என்று கேட்காமல் அளந்தேன், எந்தக் கோடு என்று சொல்லாமல் கையெழுத்து வாங்கினேன் என்றேன். சிமோன், "செடி தானா செத்துப்போச்சு" என்று முனகினார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. வெளியே வந்ததும் என் கூட்டாளிகளில் ஒருவன், "வெளிநாட்டுக்காரன்கிட்ட ஏமாந்தா சொல்லிக்கலாம். ஒரு மலைக்காரன் இசாலேயில ஏமாந்தான்னு எங்கடா போய்ச் சொல்றது?" என்றான். உராஸ்ஸாவின் உத்தரவுப்படி பள்ளத்தை நாங்களே மூடினோம். துளிர்விடாத இடங்களில் புதுக் குச்சிகளை நான் நட்டேன். ஐகாருவா பக்கத்தில் நின்று, "கோணுது, கோணுது, படிச்சவனே" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் மனையில் எட்டு அறைக்குப் பதில் ஐந்துதான் எழும்பியது. ஐகாருவா இன்றும் மச்சாமேயில் அதே அரை ஏக்கரில் இருக்கிறார். வாய்க்கால் ஓடுகிறது, செவ்வாயும் வெள்ளியும் சந்தைக்குப் போகிறார். எதிரே கண்டால் நலம் விசாரிக்கிறார். ஆனால் எந்தத் தாளை யார் நீட்டினாலும், மகள் வந்து இரண்டு தடவை படித்துக் காட்டாமல் அவர் கையெழுத்துப் போடுவதில்லை.