வெண்ணிலாவின் எட்டு விநாடி

ஜலகண்டாபுரத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்து பாட்டுப் பதிவு செய்ய ஆசைப்படுகிறவனைப் பைத்தியக்காரன் என்றுதான் சொல்ல வேண்டும். இடப்பக்கம் விசைத்தறி, வலப்பக்கம் விசைத்தறி, சுவரோ ஒற்றைச் செங்கல். குமரகுருவுக்கு அந்தப் பைத்தியம் முப்பத்து நான்கு வயதில் பிடித்தது. பகலெல்லாம் தறி ஓட்டிவிட்டு, பழைய லேப்டாப்பில் லூப்புகளை அடுக்கிக்கொண்டிருப்பான். இலவசமாகக் கிடைக்கும் மேளத்துண்டு ஒன்று, கிட்டார்த் துண்டு ஒன்று. முனையோடு முனை சேர்த்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் அதுதான் லூப். சேலைக் கரையில் ஒரே பூ மறுபடி மறுபடி விழுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

குரலை மட்டும் பிறத்தியாரிடம் எடுக்க மனம் வரவில்லை. அவன் மனைவி வெண்ணிலா தறியில் பாவு நூலை இழை இழையாகப் பிணைக்கும்போது முணுமுணுக்கும் மெட்டு ஒன்று உண்டு, அவளே போட்டது. மாதம் ஒருநாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்கள். ஊரில் ஒரு தறியும் ஓடாத அந்த நாளில்தான் மைக்கை வெளியே எடுக்க முடியும். லேப்டாப் பேட்டரி முக்கால் மணிநேரம் தாங்கும். காற்றாடி ஓடாத அறையில் வேர்த்து வடிந்தபடி பாடினாள்.

“பாட்டு முழுசா முடிஞ்சப்புறம் என் பேரைப் போட்டு உடுங்க. அதுக்கு முன்னாடி யாருக்கும் குடுத்துறாதீங்க,” என்றாள். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

தலையாட்டினான். ஆனால் கை சும்மா இருந்ததா? யாராவது நன்றாயிருக்கிறது என்று ஒரு வரி எழுத மாட்டார்களா என்ற நப்பாசை. எட்டு விநாடியை வெட்டி, இலவசத் துண்டுகள் கிடைக்கும் அதே தளத்தில் ஏற்றிவிட்டான். நிபந்தனைகள் நீளமாக இருந்தன. படிக்காமலே ஒரு டிக் போட்டான்.

முழுப் பாட்டு முடிய ஏழு மாதம், அதாவது ஏழு கரண்ட் நிறுத்தம் ஆயிற்று. வெண்ணிலாவின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு இணையத்தில் விட்டான். மறுநாளே பாட்டை முடக்கிவிட்டார்கள். இந்தக் குரல் வேறொருவரின் பாட்டுக்குச் சொந்தம் என்று அறிவிப்பு வந்தது.

அந்தப் பாட்டைத் தேடிக் கேட்டான். எவனோ சாராயத்தைப் புகழ்ந்து கத்துகிறான். அவன் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் வெண்ணிலா முணுமுணுக்கிறாள். ஒன்பது லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். எட்டு விநாடியை எடுத்தவன் முந்திக்கொண்டு தன் பேரில் உரிமை பதிவு செய்துவிட்டான். குமரகுரு மறுப்பு எழுதினான். நிராகரிக்கப்பட்டது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

மறைக்க வழியில்லாமல் அவளிடம் சொன்னான். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதை ஒரே ஒரு தடவை கேட்டாள்.

“அப்ப இது என் குரல் இல்லீங்களா?”

“உன்னுதுதான் வெண்ணிலா. நாந்தான் தப்புப் பண்ணிட்டேன்.”

அவள் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அதற்குப் பிறகு பாவு பிணைக்கும்போதும் அவள் வாய் திறக்கவில்லை.

அடுத்த மாதம் கரண்ட் நிறுத்திய அன்று ஊரே அடங்கிக் கிடந்தது. குமரகுரு வெட்கமில்லாமல் மைக்கை எடுத்துவைத்தான்.

“புதுசா ஒண்ணு எடுக்கலாமா? இந்தத் தடவை யாருக்கும் குடுக்க மாட்டேன்.”

வெண்ணிலா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“எதுக்குங்க? அதான் எட்டு செகண்டு இருக்குதில்லீங்க. அதையே திருப்பித் திருப்பி ஓட்டிக்கங்க.”