பெயர் எழுதாத கோடு

இது நடந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு "சும்மா கதை விடாதே" என்றவர்கள் இதுவரை மூன்று பேர். மூன்று பேரிடமும், அந்த அறைக்குத் தனியாகப் போய் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள் என்றேன். இன்னும் ஒருவரும் போகவில்லை.

நடந்தது என் அண்ணிக்கு. அண்ணி கதை கட்டுகிற ஆளே இல்லை. எங்கள் ஊர் வரலாற்றுக்கான சின்ன அருங்காட்சியகத்தில் பொது நிகழ்ச்சிகளை நடத்துகிறவர். பள்ளிக்கூடங்களை வரவழைப்பது, சனிக்கிழமைகளில் குடும்பங்களுக்கு விளையாட்டு வைப்பது, வந்த அப்பாக்கள் ஓரமாக உட்கார்ந்து தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது, எல்லாம் அவர் தலையில். ஒரு பழைய தகர டப்பாவின் பக்கத்தில் இரண்டு வரி எழுதி ஒட்டுவதற்கு நாலு புத்தகம் புரட்டுவார். ஆதாரம் இல்லாமல் ஒரு வார்த்தை எழுத மாட்டார். ஒரே ஒரு தடவை எழுதினார். அதை நினைத்து இன்று வரை அழுகிறார்.

சாலையை அகலப்படுத்த ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். அதன் சமையலறை வாசலில் இருந்த மரச் சட்டம் அருங்காட்சியகத்துக்கு வந்தது. அந்த வீட்டில் வளர்ந்த ஆறு பிள்ளைகளை வருடா வருடம் அதில் சாய்த்து நிற்கவைத்து, தலைக்கு மேல் பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். பக்கத்தில் பெயர், தேதி. எண்ணினால் நாற்பத்தொரு கோடு. நாற்பதுக்குப் பெயர் இருந்தது. கீழே, நூற்றொரு சென்டிமீட்டர் உயரத்தில், ஒரே ஒரு கோட்டுக்கு மட்டும் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. யாரையோ ஒரு தடவை அளந்திருக்கிறார்கள். மறுபடி அளக்கவில்லை.

பொருட்களை அளந்து, படமெடுத்து, பதிவேட்டில் ஏற்றுகிற பெரியவருக்கு அங்கே 'கையுறை சார்' என்று பட்டப்பெயர். வெள்ளைக் கையுறை இல்லாமல் டீ கிளாஸைக்கூடத் தொட மாட்டார் என்று பேச்சு. அவர் அந்தச் சட்டத்தைச் சுவரில் பொருத்தி, கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் கூடு ஒன்றால் முன்னும் பக்கமும் மூடினார். எட்டுத் திருகு. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சொட்டுச் சிவப்புச் சாயம். யார் திருகைத் தொட்டாலும் சாயம் உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அண்ணிக்கு இதைப் பார்த்ததும் ஒரு விளையாட்டு தோன்றியது. 'நீ யார் உயரம்?' என்று பெயர் வைத்தார். கூட்டுக்குப் பக்கத்தில் உயரம் அளக்கும் கம்பம் ஒன்று. வருகிற பிள்ளையை அதில் நிறுத்தி, தலைமேல் ஒரு புத்தகத்தை வைத்து, அந்த உயரத்துக்குச் சட்டத்தில் யாருடைய கோடு பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தப் பழைய பிள்ளையின் பெயர், வயது, ஒரு குறும்புத் தகவல் எல்லாம் அச்சடித்த அட்டை ஒன்று பரிசு. தகவல்கள் அந்த வீட்டுக் கடிதங்களில் இருந்தன. பெயரில்லாத கோட்டுக்குத்தான் எதுவுமே இல்லை. என்ன செய்வது என்று கையுறை சாரைக் கேட்டார்.

"பேர் தெரியலைன்னா தெரியலைன்னே போடுங்கம்மா. நாம எழுதிட்டா அதுதான் உண்மையாயிடும்" என்றார் அவர்.

அண்ணி சரி என்றுதான் வந்தார். ஆனால் ஒரு நாலு வயதுக் குழந்தை ஆசையாக வந்து நின்று, 'பெயர் தெரியவில்லை' என்ற அட்டையை வாங்கினால் முகம் வாடிவிடாதா? வெள்ளிக்கிழமை வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அட்டைகளை முடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மகள் பால் குடிக்காமல் அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். நாலரை வயது. வீட்டில் எல்லோருக்கும் அவள் சிட்டு. அண்ணி சிரித்துக்கொண்டே தட்டினார்: 'சிட்டு. வயது நாலு. பாடிக்கொண்டே இருப்பாள். பால் என்றால் ஓடிவிடுவாள்.' பத்து பிரதி எடுத்தார். கையுறை சார் அன்று விடுப்பு. தடுக்க ஆள் இல்லை.

சனிக்கிழமை 2.40க்கு, கம்பம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அண்ணி தன் மகளையே முதலில் நிறுத்தி அளந்தார். நூற்று நாலு. 3.05க்குக் கூட்டம் வந்துவிட்டது. நல்ல கூட்டம். அண்ணிக்கு வாயெல்லாம் பல்.

ஒன்று மட்டும் இடித்தது. கீழே இருந்த அந்தக் கோட்டின் உயரத்துக்கு வந்த குட்டிப் பிள்ளைகள் மூன்று பேர். மூன்று பேரும் கம்பத்துக்குப் பக்கத்தில் வர மறுத்தார்கள். ஒரு பையன் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு, "அங்க ஆள் நிக்குது" என்றான். அம்மா சிரித்தார், அண்ணியும் சிரித்தார்.

4.35க்குக் கடைசிக் குடும்பம் கிளம்பியது. அண்ணி மீதி அட்டைகளை அடுக்கினார். சிட்டு அட்டையை யாருக்கும் கொடுக்கவில்லை. பத்து இருக்க வேண்டும்.

ஒன்பது இருந்தது.

மகள் எடுத்திருப்பாள் என்று நினைத்தார். அவள் கூட்டின் முன்னால் தரையில் உட்கார்ந்து, வண்ணப் பென்சில்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு நிமிரவே இல்லை. அண்ணன் 5.30க்கு வண்டியோடு வருவார். அதற்குள் மேசைகளை மடிக்க வேண்டும் என்று அண்ணி வேலையைப் பார்த்தார். காவலாளி வாசலில் இருந்தார். உள்ளே இவர்கள் இருவர் மட்டும்.

5.08. ஒரு சத்தம்.

டொக்... டொக்...

நேராக நில் என்று சொன்னால் பிள்ளைகள் குதிகாலைச் சுவரில் இடித்துக்கொண்டு நிற்பார்களே, அந்தச் சத்தம். அண்ணி திரும்பினார். மகள் தரையில்தான் இருந்தாள். கால் இரண்டும் நீட்டியபடி.

"என்ன சத்தம்டா?"

மகள் சட்டத்தைக் காட்டினாள். "அவதான்."

"எவ?"

"அவளுக்குப் பேரே இல்லையாம்மா. என் பேரு நல்லா இருக்காம்."

குழந்தைக்குப் படிக்கத் தெரியாது. அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

5.12. அண்ணி கூட்டின் பக்கத்தில் போனார். மாலை வெயில் ஜன்னல் வழியாக நேராக அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக்கில் ஓர் இடத்தில் வெண்மையாக, வட்டமாக, பனி படிந்திருந்தது. ஜன்னலில் வாயை வைத்து ஊதினால் படியுமே, அப்படி. கைக்குட்டையால் துடைத்தார்.

போகவில்லை.

மறுபடி துடைத்தார். போகவில்லை. பிறகுதான் புரிந்தது... பனி உள்பக்கம் இருந்தது.

சட்டத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. அதற்குள் பூனைகூட நிற்க முடியாது.

வட்டம் மெல்லச் சுருங்கியது. மறைந்தது. மறுபடி படர்ந்தது.

சுருங்கியது... படர்ந்தது...

அண்ணி கண்ணைக் கீழே இறக்கினார். கூட்டின் உள்ளே, சட்டத்தின் அடியில் சாய்ந்து, ஓர் அட்டை நின்றுகொண்டிருந்தது. பத்தாவது அட்டை. எட்டுத் திருகிலும் சிவப்புச் சாயம் அப்படியே இருந்தது.

5.16. "சிட்டு, எழுந்திரு. போலாம்."

மகள் அசையவில்லை.

டொக்.

"சிட்டு..."

டொக்.

கூப்பிட்டது மகளை. பதில் சொன்னது...

"சிட்டும்மா!"

டொக். டொக். டொக்.

மகள் பென்சில்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது போல.

வெள்ளையாக, ஐந்து விரல். சின்னது. பிளாஸ்டிக்கின் உள்பக்கம்.

அண்ணி கத்தினார். பள்ளிக்கூடத்துப் படிவத்தில் எழுதிய பெயரை, வீட்டில் யாரும் கூப்பிடாத அந்த முழுப் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

மகள் நிமிர்ந்தாள். "என்னம்மா?"

தூக்கினார். ஓடினார். பின்னால் சத்தம் நிற்கவே இல்லை. வாசலுக்கு வந்தபோது 5.19.

அண்ணன் வந்தபோது இருவரும் தெருவோரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணியின் காலில் ஒரு செருப்புதான் இருந்தது.

திங்கட்கிழமை அண்ணி கையுறை சாரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதார். திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அவரோ திருகுகளைக் கழற்றி, அட்டையை எடுத்து, கிழித்து, மீதி ஒன்பதையும் கிழித்துப் போட்டார். ஏதோ நினைவாகச் சட்டத்தை ஒரு தடவை அளந்து பார்த்துவிட்டுக் கூட்டை மறுபடி மூடி, திருகுகளில் புதிதாகச் சாயம் வைத்தார். விளையாட்டு அத்தோடு நின்றது. அண்ணி அந்த அறைப்பக்கம் போவதை விட்டார். வீட்டில் யாரும் குழந்தையை அந்தச் செல்லப் பெயரால் கூப்பிடக் கூடாது என்று உத்தரவு. நான் இரண்டு தடவை வாய் தவறிக் கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். தொல்லை விட்டது என்று எல்லோரும் நினைத்தோம்.

ஒரு வருடம் ஓடியது. போன வருடத்துக் கவுன் இந்த வருடமும் குழந்தைக்குச் சரியாக இருந்தது. செருப்பும் அப்படியே. அண்ணன் அதைச் சொல்லிக் கிண்டல்கூடச் செய்தார், இப்படி ஒரு பிள்ளை இருந்தால் செலவே இல்லை என்று. பிறகு பள்ளியில் உயரம் எடை பார்த்தார்கள். தாளைப் பார்த்த அண்ணியின் முகம் செத்துப்போனது.

நூற்று நாலு.

மருத்துவர் ரத்தம் எடுத்தார், எலும்பைப் படம் எடுத்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. குழந்தை நன்றாகச் சாப்பிடுகிறாள், ஓடுகிறாள். அவருக்கே குழப்பம். "பயப்படாதீங்க. இந்நேரம் நூத்திப் பத்தாவது இருக்கணும், அதான் பாக்கிறேன்" என்றார்.

அண்ணி அங்கிருந்து வீட்டுக்கு வரவில்லை. குழந்தையை அண்ணனிடம் கொடுத்துவிட்டு நேராக அருங்காட்சியகத்துக்குப் போனார். கையுறை சார் பள்ளித் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு தன் மேசையின் அடியிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து நீட்டினார். கையில் கையுறை இல்லை.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியாம வச்சிருந்தேன்மா. முதல்ல நான்தான் தப்பா அளந்துட்டேன்னு நினைச்சேன்."

நோட்டு முழுக்கத் தேதியும் எண்ணும். பெயரில்லாத கோட்டின் உயரம். சட்டம் வந்த நாளில் நூற்றொன்று. அட்டையைக் கிழித்த திங்கட்கிழமை நூற்று நாலு. இரண்டு மாதம் கழித்து நூற்றைந்து. அப்புறம் நூற்றாறு. அப்புறம் ஏழு, எட்டு, ஒன்பது. கூட்டை அதன்பிறகு யாரும் திறக்கவில்லை. சாயம் உடையவில்லை. மற்ற நாற்பது கோடுகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. கடைசி வரி அன்று காலையில் எழுதியது.

நூற்றுப் பத்து.

அண்ணி ரப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் ஓடினார். கையுறை சார் பின்னாலேயே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க சார். அழிச்சிடறேன்."

"அழிக்கலாம்மா. ஆனா அழிச்சா போறது அதுவா, உங்க குழந்தையான்னு எனக்குத் தெரியலையே."

அண்ணி அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. அதனால்தான் போன புதன்கிழமை பகல் 11.20க்கு, அண்ணிக்குத் தெரியாமல், ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு நானே போனேன். பிளாஸ்டிக்குக்கு வெளியே வைத்து மூன்று தடவை அளந்தேன்.

நூற்றுப் பதினொன்று.