வெட்டாத பழம்

பழத்தோட்டக்காரர் சங்கத்தில் அவளுக்கு ஒருகடியக்கா என்று பெயர். ஒரு கடி கடிப்பாள், மெல்லுவாள், வாளியில் துப்புவாள். அந்தப் பழத்தின் ஜாதகமே வந்துவிடும். "தின்னு துப்புறதுக்குச் சம்பளமா?" என்று ஆரம்பத்தில் சிரித்த சொந்தக்காரர்கள்தான் இப்போது பழம் வாங்கும்முன் அவளைத் தேடி வருகிறார்கள். வரட்டும். சிரித்த வாய்க்கும் நல்ல பழம் வேண்டுமே.

சங்கத்தார் வளர்ப்பது நெக்டரின் பழம். அது பீச் பழத்துக்கு உடன்பிறப்பு; மேலே பூனைமுடி மட்டும் கிடையாது. சங்கத்தின் சோதனைத் தோட்டத்தில் பல ரகங்களை அருகருகே நட்டு, எது எப்போது பழுக்கிறது, எவ்வளவு காய்க்கிறது, எப்படி ருசிக்கிறது என்று சில வருஷங்களாகப் பார்த்து வந்தார்கள். ஜெயிக்கிற ரகத்தின் கன்றுகள்தான் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் போகும். போட்டியில் இருந்த ரகங்களில் ஒன்று, அவளுடைய அண்ணன் வீட்டுக் கொல்லையில் தானாக முளைத்த மரத்திலிருந்து ஒட்டுக் கட்டியது.

அண்ணன் லாரி மெக்கானிக். அந்த மரத்தைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டான். அதுவும் கெட்டிக்காரப் பிள்ளைதான். முந்திப் பழுக்கும் ரகங்கள் தீர்ந்து, பிந்தியவை பச்சையாக நிற்கும்போது, சந்தை காலியாக இருக்கிற நேரம் பார்த்துப் பழுத்தது. விளைச்சலிலும் எல்லாவற்றையும் முந்திவிட்டது. மிச்சம் இருந்தது பழத்தின் தரம். "ஜெயிச்சா அதுக்கு உன் பேருதாம்மா" என்று தங்கையிடம் சொன்னவன், ஜெயிப்பதற்கு முன்பே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

ருசி பார்க்கும் அறையில் அன்று கடைசிச் சுற்றுக்கு இரண்டு தட்டுகள். எண் மட்டும்தான் ஒட்டியிருந்தது. முதல் தட்டைத் தூக்கியதுமே வாசனை காட்டிக்கொடுத்துவிட்டது.

"சார், இது எங்கண்ணன் மரம். நான் ஒதுங்கிக்கட்டுமா?"

மேலாளர் நிமிரவே இல்லை. "இங்க யாருக்கு யார் சொந்தமில்ல? உங்க நாக்கு உறவு பாக்காது. மார்க் போடுங்க."

கடித்தாள். தேனும் புளிப்பும் அளவாக இருந்தன. அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. அடுத்த நொடி பல் கொட்டையில் பட்டது. சதை பிரிய மறுத்தது. இழுக்க இழுக்க நாராகக் கிழிந்து ஒட்டிக்கொண்டு நின்றது. அடுத்த தட்டுப் பழத்தைத் திருகினாள். இரண்டாகப் பிளந்து, கொட்டை தானே விழுந்தது. ருசியும் ஒன்றும் சளைத்ததல்ல. சந்தையில் கொட்டை ஒட்டாத பழத்துக்குத்தான் மதிப்பு.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வருஷா வருஷம் அண்ணன் கையில் ஒட்டிய கிரீஸைத் தேய்த்துக் கழுவிவிட்டு, பழத்தைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் தருவான். பாசம் என்று நினைத்திருந்தாள். பாசம்தான், கூடவே கொஞ்சம் கள்ளத்தனமும்.

தன் பேர் ஒரு மரத்துக்கு வரப்போவதை ஒருகணம் நினைத்துப் பார்த்தாள். ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் உள்ளபடிதான் மார்க் போட்டாள். அண்ணன் மரம் தோற்றது. சாயங்காலம் அவனிடமே நேராகக் கேட்டாள்.

"கொட்டை ஒட்டும்னு உனக்குத் தெரியும்லண்ணே?"

"தெரியும். உனக்குத் தெரியக்கூடாதுன்னுதான் நறுக்கிக் குடுத்தேன்."

"கடிச்சுப் பாக்காமலா மார்க் போடுவேன்?"

அவன் விருட்டென்று எழுந்து போய்விட்டான். அதற்கப்புறம் போனையும் எடுக்கவில்லை. அவள் அழுதாள், ஆனால் போட்ட மார்க்கை நினைத்து அல்ல.

ஜெயித்த ரகத்தின் கன்றுகளுக்குப் பதிவு தொடங்கிய அன்று சங்க வாசலில் நீண்ட வரிசை. அதில் அண்ணனும் நின்றான். பின்னால் அவள் வந்ததை அவன் பார்க்கவில்லை.

"இந்த ரகம் நிஜமாவே நல்லதா?" என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார்.

"என் தங்கச்சி மார்க் போட்டதுங்க. கூடப்பிறந்த அண்ணன் மரத்தையே ஃபெயில் பண்ணிட்டா. அவ நல்லதுன்னு சொன்னா கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்." குரலில் அப்படி ஒரு கர்வம், ஏதோ ஜெயித்ததே தன் மரம்தான் என்பதுபோல.

"அண்ணே!" என்றாள் அவள். சத்தம் கேட்டுத் திரும்பிய அண்ணன், அவளைப் பார்த்ததும் சட்டைப் பையிலிருந்து தன் மரத்துப் பழம் ஒன்றை எடுத்து நீட்டினான். நறுக்காமல், முழுசாக.