உப்புத் தண்ணீரில் பழகிய மூச்சு

டாக்டர், என்னைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் நீங்கள் பொய் சொன்னீர்கள். "உப்பளத்துல வேலை செய்ற உடம்பு. இடுப்பு இறுகிப்போயிருக்கும். சுகப்பிரசவம் ஆகாது" என்றீர்கள். அப்போது எனக்கு ஏழாம் மாதம். என் வயிற்றின் மேல் ஒரு விரலும் வைக்கவில்லை. ஸ்கேன் கவரையும் பிரிக்கவில்லை. நீங்கள் பார்த்தது வெடித்துக் கிடந்த என் குதிகாலை மட்டும்தான்.

நான் மரக்காணம் உப்பளத்தில் கூடை தூக்குகிறவள். ஆண்கள் பாத்தியில் உப்பை வாரிக் கரையில் குவிப்பார்கள். நாங்கள் அதை அள்ளித் தலையில் சுமந்து, வரப்பு வழியாக நடந்து மேட்டில் கொட்டுவோம். மழைக்காலம் போக மற்ற மாதமெல்லாம் இதுதான் சோறு. ஐந்தாம் மாதம் வரை நானும் சுமந்தேன். பிறகு என் வீட்டுக்காரர் போதும் என்றார், நிறுத்திக்கொண்டேன்.

உங்களிடம் என்னைக் கூட்டி வந்தவர் என் மாமியார். ஆபரேஷன் என்றதும் அவருக்கு வருத்தமே இல்லை. ஆபரேஷன் என்றால் பிள்ளை பிறக்கிற நாளை நாமே குறிக்கலாம் அல்லவா? அந்த வாரமே ஜோசியரிடம் போய் நல்ல நட்சத்திரத்தில் ஒரு தேதி வாங்கி வந்து காலண்டரில் வட்டம் போட்டுவிட்டார். பிள்ளை கலெக்டர் ஆகுமாம். வீடே சிரித்தது. என் ஓரகத்தி மட்டும் சிரிக்கவில்லை.

ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவரும் உப்பளத்துக்காரிதான். முதல் பிள்ளைக்கு அவருக்கு ஆபரேஷன் செய்தவரும் நீங்கள்தான். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டது. இன்னமும் கூடையைத் தலைக்கு ஏற்றினால் தையல் போட்ட இடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். இப்போது சுமப்பதே இல்லை, மேட்டில் உட்கார்ந்து மூட்டை தைக்கிறார். நானும் அப்படி உட்கார்ந்துவிடுவேனோ என்று எனக்குப் பயம். எனக்குத் தெரிந்த வேலை கூடை சுமப்பது ஒன்றுதான்.

காலண்டரில் வட்டம் போட்ட அன்றைக்குச் சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் வந்து குந்தினார்.

"எனக்கும் இதையேதான் சொன்னாங்க. இடுப்பு இறுகிப்போச்சுன்னு. வார்த்த கூட மாறல."

"நீ எதுவும் கேக்கலியாக்கா?"

"என்னான்னு கேக்குறது? அவங்க படிச்சவங்க. நான் செருப்ப வெளிய கழட்டிட்டு நின்னுகினு இருந்தேன்."

மறுநாள் நான் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த லேடி டாக்டருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். படுக்க வைத்து, வயிற்றை அழுத்தி, தலை எங்கே கால் எங்கே என்று பார்த்தார். இடுப்பு போதுமா போதாதா என்பது வலி எடுத்த பிறகுதான் தெரியும், இப்போதே சொல்ல முடியாது என்றார். பிள்ளையின் இதயத் துடிப்பு இறங்கினால் ஆபரேஷனுக்கு அனுப்பிவிடுவேன், அப்போது தகராறு பண்ணக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். ஒத்துக்கொண்டேன். காரணம் சொல்லிவிட்டுக் கத்தி எடுக்கிறவரோடு எனக்கு என்ன சண்டை?

வலி வரவழைக்கவும் ஊசி வேண்டாம், வலி தெரியாமல் இருக்கவும் ஊசி வேண்டாம் என்றேன். அவசியம் வராதவரை போடமாட்டோம், ஆனால் நீ பழகிக்கொள்ள வேண்டும் என்றார்.

பழக்கிவிட்டவர் அங்கிருந்த நர்ஸம்மா. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குந்தி உட்காரச் சொன்னார். அதற்கு எனக்குப் பயிற்சியே தேவையில்லை. துணி துவைப்பதும் மீன் ஆய்வதும் குந்தித்தான். மூச்சுதான் எனக்குப் பிடிபடவில்லை. வலி வரும்போது மூச்சை அடக்காமல் நீளமாக வெளியே விட வேண்டுமாம். வலியே இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்து ஊதினால் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

வலி எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியாதா? வெடித்த காலோடு, வெயிலில் வற்றி முற்றிய உப்புத் தண்ணீரில் இறங்கினால் உயிர் போகும். காலையில் முதல் முறை கால் வைக்கும்போது நாங்கள் எல்லோருமே பல்லைக் கடித்து மூச்சை அடக்குவோம். நான் வெயில் ஏறும் முன்னே பாத்திக்குப் போய் நின்று, காலை உள்ளே வைத்து, மூச்சை விட்டுப் பழகினேன். முதல் நாள் மூச்சு வரவில்லை, கெட்ட வார்த்தைதான் வந்தது. வழுக்கிவிடாமல் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நிற்பார். என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். உப்பு வாருகிற ஆண்கள், "கலெக்டருக்கு ட்ரெய்னிங் ஸ்டார்ட் ஆயிடுச்சுப்பா" என்று கத்தினார்கள். கத்தட்டும். போகப் போக, கால் எரிந்தாலும் தோள் இறுகவில்லை, மூச்சு தானாகப் போனது.

வட்டம் போட்ட தேதிக்கு முன்பே வலி எடுத்துவிட்டது.

"இன்னும் நாள் இருக்குதேம்மா. கொஞ்சம் அடக்கிக்க முடியாதா?" என்றார் மாமியார்.

"இது என்னா பஸ்ஸா அத்தை, கை காட்டி நிறுத்துறதுக்கு?" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில், துணைக்கு ஒரு பெண் என்னோடு இருக்கலாம் என்றார்கள். அக்கா வந்தார். காலையிலிருந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தேன். வலி வந்தால் குந்தினேன், போனால் எழுந்தேன். நர்ஸம்மா அடிக்கடி வந்து பிள்ளையின் துடிப்பைக் கேட்டுவிட்டுத் தலையாட்டிவிட்டுப் போவார். மத்தியானத்துக்கு மேல் என்னால் முடியவில்லை. ஊசி போடுங்கள் என்று நானே கெஞ்சினேன். அதை மறைக்கமாட்டேன். அக்கா என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"கால தண்ணியில வெச்சிருக்க. அவ்ளோதான். மூச்ச வுடு."

விட்டேன். அடுத்ததுக்கும் விட்டேன். நர்ஸம்மா ஊசியை எடுக்கவே இல்லை. வெயில் தாழ்வதற்குள் என் மகள் பிறந்தாள். இறுகிப்போன இடுப்பு என்றீர்களே, அந்த இடுப்பு வழியாகத்தான் வந்தாள். ஒரு தையலும் இல்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு நானே எழுந்து பாத்ரூம் போய் வந்தேன். பார்த்த மாமியார் நட்சத்திரத்தை மறந்துவிட்டு, எங்கள் வீட்டுப் பெண்களுக்கு எப்போதும் உடம்பு கெட்டி என்று வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த சீசனில் நான் மறுபடியும் கூடை தூக்குகிறேன். யாருக்கும் குறையாமல் தூக்குகிறேன்.

ஆனால் பிள்ளை பிறந்த அன்றைக்கு அக்கா அவளை மடியில் வாங்கித் துணியைச் சரிசெய்தார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அப்போ எனக்கும் முடிஞ்சிருக்கும்ல?"

அவருக்கு உண்மையாகவே ஆபரேஷன் தேவைப்பட்டிருக்கலாம். பிள்ளைக்கு ஏதாவது ஆபத்து இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. வயிற்றை அறுத்தது நீங்கள், உங்களுக்குத்தான் தெரியும். வருகிற திங்கட்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். இந்த முறை செருப்பைக் கழற்றமாட்டோம். உங்கள் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். வெளியே ஹாலில், கர்ப்பிணிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிற இடத்தில், அத்தனை பேர் காதிலும் விழும்படி சொல்லுங்கள்: எதைப் பார்த்து அவர் வயிற்றை அறுத்தீர்கள்?