ஜுலைகா அக்காவின் அளவு ரூம்

மந்தாரக்குப்பத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஜுலைகா அக்காதான் எங்கள் வார்டு கவுன்சிலர். கவுன்சிலர் என்றதும் வெள்ளைக் கார், பின்னால் நாலு பேர் என்று நினைத்துவிடாதீர்கள். கழுத்தில் டேப், முந்தானையில் குண்டூசி, யாரையாவது திட்டிக்கொண்டே இருக்கும் வாய். அந்த வாய் மட்டும் இல்லையென்றால் இன்று என் மடியில் பிள்ளை இல்லை.

என் முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துபோனது. மறுபடி உண்டானபோது, சுகாதார நிலையத்தில் இரத்தம் பார்த்த நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பால்வினை நோய். ஊசி போட்டால் குணமாகும், பிள்ளையும் பிழைக்கும். ஆனால் வீட்டுக்காரரும் பரிசோதித்து ஊசி போட்டுக்கொள்ளாவிட்டால் திரும்ப எனக்கு வந்துவிடும் என்றார். வந்த ஆத்திரத்தில் அன்று நான் என் வீட்டுக்காரர் சிலம்பரசனுக்குச் சோறு போடவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் நடந்தது என்று தலையைத் தொங்கப்போட்டார். சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், முதலில் சோதனைக்கு இரத்தம் கொடுங்கள் என்றேன்.

"ரத்தம் குடுத்தா கான்ட்ராக்டருக்குத் தெரிஞ்சிடும். கேட்பாஸ் போயிடும்" என்றார்.

அவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. வேலைக்குச் சேரும்போது உடல் சோதனை செய்துதான் சுரங்கத்துக்குள் விடும் அனுமதிச் சீட்டை, அந்தக் கேட்பாஸை, கொடுத்தார்கள். அதிலிருந்து, யார் எங்கே ஊசி குத்தினாலும் அது வேலைக்கு வைக்கும் வேட்டு என்றே இங்குள்ள ஆம்பளைகள் நினைக்கிறார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பேரூராட்சி ஒரு மருத்துவமனையோடு சேர்ந்து இலவசப் பால்வினை நோய் முகாம் வைத்தது. நல்ல காரியம்தான். ஆனால் ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகக் கத்தினார்கள். வாசலில் ஆளுயர பேனர் வேறு. எவன் போவான்? டாக்டரும் நர்ஸும் டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

நான் அக்காவிடம் போய் அழுதேன். "அழுவாதடி இசை, நான் பாத்துக்கறேன்" என்றவர், அடுத்த மன்றக் கூட்டத்தில் எழுந்துவிட்டாராம்.

"தலைவரே, மைக்குல கூப்ட்டா நீங்க போவீங்களா? ஷிப்ட் முடிஞ்சதும் பேன்ட் குறைக்க என் கடைக்கு ஆம்பளைங்க வந்துகினேதான் இருக்காங்க. பின்னால அளவு எடுக்கிற ரூம் இருக்கு. நர்ஸம்மாவ அங்க உக்கார வைங்க."

தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருத்துவமனைக்காரர்கள் வந்து அறையைப் பார்த்தார்கள், சரி என்றார்கள்.

பெயர் கேட்பதில்லை. தைக்கக் கொடுத்தால் அக்கா ஒரு துண்டுத் துணியில் நம்பர் எழுதிக் கையில் கொடுப்பார் இல்லையா, அதே வழக்கம்தான். இரத்தம் எடுக்கும் குப்பியிலும் அதே நம்பர். முடிவு வாங்கத் துண்டைக் காட்டினால் போதும்.

இதை நான் வீட்டில் சொன்னேன், கெஞ்சினேன், திட்டினேன். "பாக்கலாம்" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நான் ஊசி போட்டுக்கொண்ட பிறகும், இந்தப் பிள்ளையையும் இழந்துவிடுவேனோ என்று வயிற்றைத் தடவித் தடவிப் பயந்தேன்.

ஒரு நாள் காலை அவர் சட்டையை ஊறவைக்க எடுத்துப் பையைத் துழாவினேன். நீல நிறத்தில் ஒரு துண்டுத் துணி, நம்பரோடு. எங்கள் வீட்டிலிருந்து அக்கா கடைக்கு ஒரு துணியும் போகவில்லை. பக்கெட் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு அது நனையாமல் எடுத்துப்போய் அவர் தலையணைக்கடியில் வைத்தேன். முடிவு வந்ததும் அவரும் ஊசி போட்டுக்கொண்டார்.

அபி நல்லபடியாகப் பிறந்தாள். அவளுக்கும் இரத்தம் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. அவர் மேல் எனக்குக் கோபம் போய்விட்டதா என்றால், முழுக்கப் போகவில்லை.

நேற்று அவளைத் தூக்கிக்கொண்டு டீக்கடைப் பக்கம் போனேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த கார்முகிலிடம் அவர் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

"உன் பேன்ட் நீளமா இருக்குடா. ஜுலைகாக்கா கடையில குடுத்துக் குறைச்சுக்க. கேட்பாஸுக்கு ஒண்ணும் ஆவாது. நான் போயிட்டு வந்தவன்தான்."

கார்முகில் குனிந்து பார்த்தான். அவன் பேன்ட் கணுக்காலுக்கு மேலேதான் இருந்தது.