எந்தத் தெரு என்று கேட்ட அண்ணன்

இன்று கோலாலம்பூரில், டூரிஸ்ட்டுகள் மொய்க்கும் ஒரு சந்தைக்கு எங்கள் டூர் குழுவைக் கூட்டிப் போனார்கள். ஹோட்டலுக்குத் திரும்பியும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

துணிக்கடையில் விற்றுக்கொண்டிருந்தவர் ஒரு தமிழ் அக்கா. நாங்கள் மதுரை என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"எங்க தாத்தா ஊரு வாடிப்பட்டி. நான் பார்த்ததே இல்ல. எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

வயல், தோப்பு, பக்கத்திலேயே மலை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் குழுவில் கே.கே. நகர் அண்ணன் ஒருவர் இருக்கிறார், ரிட்டயர்டு ஆபீசர். அவர் குறுக்கே புகுந்தார்.

"வாடிப்பட்டில எந்தத் தெரும்மா?"

"தெரியாதுங்க."

"சரி, குலசாமி எது? நீங்க என்ன ஆளுக?"

அக்காவின் சிரிப்பு நின்றது. அண்ணன் கையிலிருந்த துணியை வாங்கி மடித்து வைத்தார்.

"இதைக் கேப்பாங்கன்னுதான் எங்க தாத்தா ஊருக்குத் திரும்பவே இல்லையாம் சார். உங்களுக்கு விக்கிறதா இல்ல."

நான் அண்ணன் பக்கம் திரும்பினேன்.

"அண்ணே, ஏர்போர்ட்ல பாஸ்போர்ட் பாத்தவுககூட இதக் கேக்கல. இந்த அக்காகிட்ட மன்னிப்புக் கேளுங்க."

"ஊர்க்காரவுகன்னு பாசமா கேட்டேன். அதுக்கு இம்புட்டுக் கோவமா?" என்று சொல்லிவிட்டு அண்ணன் அடுத்த கடைக்கு நடந்தார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க என்ன செய்வீங்க?" என்றார் அக்கா. அதன்பின் வாடிப்பட்டியைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

நாளைக்கும் இந்த அண்ணனோடு ஒரே வேனில்தான் போக வேண்டும். ஏறியதும் "குட் மார்னிங்" என்பார். நான் என்ன சொல்லட்டும், நீங்களே சொல்லுங்கள்.