இனிஷியல் வேட்டை

ஒரே பேராசிரியரின் பெயரை நான்கு விதமாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் நிக்கத். இனிஷியல் முன்னால், இனிஷியல் பின்னால், இனிஷியலை விரித்து, இனிஷியலே இல்லாமல். பெரிய காஞ்சிபுரத்திலிருந்து எட்டரை மணிப் பேருந்தில் வந்து எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்தால் நாள் முழுக்க இதே வேலைதான். ஆசிரியர்கள் எழுதிய கட்டுரைகள் எத்தனை, அவற்றை உலகத்தில் எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று அவர் எண்ணிக் கொடுத்தால்தான் எங்களுக்குத் தரவரிசை.

நான் தமிழ்த்துறை. என்னை மேற்கோள் காட்டியவர்கள் பூஜ்யம். "நீங்கதான் சார் தொந்தரவே குடுக்காத ஆளு" என்று எனக்கு மட்டும் அவர் டப்பாவிலிருந்து பேரீச்சம்பழம் கிடைக்கும். தன் கட்டுரையைத் தானே இருபது தரம் மேற்கோள் காட்டிய ஒருவருக்கு அவர் வைத்த பெயர், "தன் கல்யாணத்துக்குத் தானே மொய் எழுதிக்கினவரு." எனக்கு நிக்கத்தை ரொம்பப் பிடிக்கும்.

போன வியாழக்கிழமை வேதியியல் தேவிப்ரியா கண் கலங்க வந்து நின்றார். பதவி உயர்வுக்கு, பத்துப் பேராவது மேற்கோள் காட்டிய கட்டுரைகள் பத்து வேண்டும். கணினி ஆறுதான் காட்டியது. விண்ணப்பிக்க அன்று மாலை ஐந்து மணி வரைதான் கெடு.

"எங்கிட்ட பதினொண்ணு இருக்குது நிக்கத்தக்கா. மீதி எங்க போச்சு?"

நிக்கத் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தட்டினார். சட்டென்று சிரித்துவிட்டார்.

"உங்க அப்பா பேரு கண்ணாயிரமா மேடம்? கல்யாணத்துக்கு முன்னாடி எழுதின அஞ்சும் அவரு பேர்ல குந்திக்கினு இருக்குது. கட்டுரைக்கெல்லாம் பட்டியல் போடற வெளிநாட்டுக்காரன் இனிஷியல விரிச்சி அவரையே குடும்பப் பேரா ஆக்கிட்டான். அப்பறம் எழுதினதுல உங்க வீட்டுக்காரரு ஆனந்தராஜ். அவனுக்கு நீங்க ரெண்டு ஆளு!"

முசரவாக்கத்தில் நெல் பயிரிடும் கண்ணாயிரத்துக்கு, தன் பெயரை ஜப்பான்காரர்கள் மேற்கோள் காட்டுவது இன்றுவரை தெரியாது.

இரண்டு தேவிப்ரியாக்களையும் ஒன்றாக்க ஒரே பெயர் கொடுக்க வேண்டும். 'குடும்பப் பெயர்' கட்டத்தைக் காலியாக விட்டால் திரை சிவந்துபோய் மறுத்தது. அப்பா பெயரா, கணவர் பெயரா? யாருக்கு ஃபோன் போட்டுக் கேட்பது என்று கைப்பேசியை எடுத்துக்கொண்டு தேவிப்ரியா தயங்கினார். மணி நாலே முக்கால்.

"எழுதினது யாரு மேடம்? அவங்களா?"

"நான்தான்கா."

நிக்கத் முதல் கட்டத்தில் தேவிப்ரியா என்று அடித்தார். குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய் அங்கேயும் தேவிப்ரியா என்றே அடித்துவிட்டு, அனுப்பும் பொத்தானை மட்டும் தான் தொடாமல், மௌஸைத் தேவிப்ரியா பக்கம் தள்ளி வைத்தார்.